உத்தரவில்லாமல் இடம் மாறிய கம்பி

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நான் இனிமேல் வலப்பக்கமாக மட்டுமே ஒருக்களித்துப் படுப்பது என்று இந்த வீட்டில் சென்ற வெள்ளிக்கிழமை முடிவெடுக்கப்பட்டுள்ளதை முதற்கண் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. இடப்பக்கம் சுவரைப் பார்த்து நான், வலப்பக்கம் உங்கள் தங்கை என்பது கல்யாணமான புதிதில் ஏற்பட்டு, இரு தரப்பும் இன்றுவரை மதித்துவந்த ஏற்பாடு. அதை மாற்றினால் தலையணை, போர்வை, மின்விசிறி ஆகியவை குறித்து எழக்கூடிய சிக்கல்கள் யாவும் விரிவாக விவாதிக்கப்பட்டன. தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். உங்கள் தங்கை வாக்களிக்கவில்லை. “எந்தப் பக்கம் வேணா படுங்க, முதல்ல போய் ஆஸ்பத்திரியில படுங்க” என்று மட்டும் சொன்னாள். அது தீர்மானத்துக்குத் தொடர்பில்லாத கருத்து என்பதால் பதிவு செய்யப்படவில்லை.

மற்றபடி நீங்களும், உங்கள் வலது காலில் இருக்கும் தகடும், அதன் எட்டுத் திருகாணிகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். என் தோளில் வைத்த கம்பி நலமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முறையாகச் சொல்வதென்றால் உங்கள் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற அன்று, சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி ஒன்றை எனக்குப் பரிசளித்தீர்கள். “இனிமேலாவது எங்க ஊருக்கு வந்து கடலைப் பாருங்க மாப்பிள்ளை” என்று கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆயுள் முழுவதும் இடமாறுதல் பிரிவில் உட்கார்ந்து, எத்தனையோ பேரை எத்தனையோ ஊர்களுக்கு அனுப்பியவன் நான். என் பெயரை நானே பட்டியலில் எழுதிக்கொள்வது எப்படி முறையாகும்? தபால் பெட்டியை யாரும் தபாலில் அனுப்புவதில்லை. உங்கள் தங்கைக்கு இது புரிவதில்லை. நீங்கள் பெட்டி கொடுத்த மறுநாளே கடல் மணலில் நடப்பதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது அலமாரியில் இருக்கிறது. பெட்டி பரணுக்குப் போயிற்று. அவ்வப்போது அவள் அதை இறக்கித் தூசி தட்டி, கூடத்தின் நடுவில் நிறுத்தி வைப்பாள். நான் அதைப் பார்க்காதவன்போல் சுற்றிக்கொண்டு போவேன். பிறகு மேலே ஏற்றுவேன். அப்படி ஏற்றிய ஒரு நாளில்தான் முக்காலி ஆடியது, பெட்டி உருண்டது. நீங்கள் கொடுத்த பெட்டி செய்த ஒரே பயணம் பரணிலிருந்து என் தோள் வரைக்கும்தான் என்பதைத் தாழ்மையுடன் குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

உடைந்தது காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே குறுக்காகத் தோள் வரை ஓடுவது. எலும்பு டாக்டர் இளைஞர். கை சுத்தம், பேச்சு சுருக்கம். தோளின் வெளிப்பக்கமிருந்து ஒரு கம்பியைச் செலுத்தி, உடைந்த இரண்டு துண்டுகளையும் கோத்துவிட்டார். கம்பியின் வெளிநுனியைக் கொக்கி மாதிரி வளைத்துத் தோலுக்கடியில் விட்டார். “இது தற்காலிகம் சார். ஆறு வாரத்துல வாங்க, எடுத்துடலாம். அதுவரைக்கும் கையைத் தலைக்கு மேல தூக்காதீங்க” என்றார். ஆறு வாரமும் வந்தது. இங்கேதான் என் அனுபவம் கைகொடுத்தது. புகாரில்லாத ஊழியரை, வேலை ஒழுங்காக நடக்கும் இடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. அந்தக் கம்பியின் மீது வலி என்ற வகையில் ஒரு புகாரும் வரவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது. நடத்தை திருப்தி. அப்படியிருக்க, ஆறு வாரம் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக அதை வெளியேற்றுவது என்ன நியாயம்? எனவே கம்பிக்குப் பணி நீட்டிப்பு வழங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து பலமுறை கூப்பிட்டார்கள். “விஷயம் பரிசீலனையில் இருக்கிறது” என்றேன். அவர்களும் ஒரு கட்டத்தில் ஓய்ந்தார்கள். கோப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிவுக்கு வரும்.

இதற்கிடையில் நலம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் சும்மா அனுப்ப முடியுமா? பெட்டி எப்படி விழுந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். சொன்னால் புரியாது, செய்து காட்டினேன். முக்காலி இங்கே, பரண் அங்கே, நான் இப்படிக் கையைத் தூக்கினேன், பெட்டி இப்படி வந்தது. டீ வருவதற்குள் ஒரு தடவை, டீ குடித்த பிறகு சந்தேகம் கேட்பவர்களுக்காக இன்னொரு தடவை. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், எதைக் காட்டினாலும் பிரதி கேட்பதால் அலுவலகத்தில் ‘நகல்’ என்று பெயர் வாங்கியவர், நான்கு நாள் தொடர்ந்து வந்து பார்த்தார். கடைசியில் சட்டையை விலக்கி, கொக்கி புடைத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவும் அனுமதித்தேன். பட்டாணி அளவு மேடு. அது உறுத்தாமலிருக்கத் தையல்காரரிடம் சொல்லிச் சட்டையின் தோளில் ஒரு தனி மடிப்பு விட்டுத் தைத்துக்கொண்டேன். உங்கள் காலுக்கு அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

போன வாரம் இன்னொரு சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். உங்கள் தங்கையும் கூட வந்தாள். தையல்காரர் தோளைத் தடவினார். மறுபடி தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து தடவினார்.

“மேடு எங்க சார்?”

“அங்கதான் இருக்கும், நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன். போன தடவை இந்த இடத்துல இருந்துச்சு. அதுக்குன்னு மடிப்பு விட்டேன். இப்ப மடிப்பு இருக்கு, மேட்டைக் காணோம். பாக்கறவன் என் தையலைத்தானே குறை சொல்லுவான்?”

உங்கள் தங்கையின் முகம் மாறிவிட்டது. “ஏங்க, கம்பி எங்க?” என்று கேட்டாள். ஏதோ நான் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடையைக் கேட்பது மாதிரி. தையல்காரர் உடனே, “என் கடையில ஒண்ணும் விழலைம்மா, காலையிலதான் பெருக்கினேன்” என்றார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டினார். முதலில் என் தோளைத்தான் பார்த்தார். அங்கே கம்பி இல்லை. அவருடைய பார்வை மெல்ல உள்ளே போயிற்று, கழுத்தடிக்குப் போயிற்று, இன்னும் கீழே இறங்கி நெஞ்சுக்கூட்டின் மேல்பக்கம் நின்றது. அங்கே ஒரு கோடு, வெள்ளை வெளேரென்று, தானே எழுதித் தானே அடிக்கோடிட்ட மாதிரி.

“கையைத் தலைக்கு மேல தூக்கினீங்களா?”

“விளக்கம் சொல்றதுக்கு மட்டும்.”

“எத்தனை பேருக்கு விளக்கம் சொன்னீங்க?”

“வந்தவங்களுக்கெல்லாம்.”

டாக்டர் படத்தில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு, “கம்பிக்குக் கால் கிடையாது சார். உங்க கைதான் அதுக்குக் கால். நீங்க ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அது ஒரு மயிரிழை உள்ள போயிருக்கு. மூச்சு விட்டாக்கூட நகரும். வளைச்சு விட்ட கொக்கி நிமிர்ந்துபோச்சு. அது நிக்கிற இடத்துலேருந்து நுரையீரலுக்கு அதிக தூரம் இல்ல. அதுக்குப் பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் இருக்கு. நாளைக்கே எடுத்தாகணும்” என்றார்.

எனக்கு அவர் சொன்ன எல்லாமே காதில் விழுந்தது. ஆனால் என் கண் படத்தை விட்டு அகலவில்லை. வாழ்நாளெல்லாம் ஒரே நாற்காலி, ஒரே தெரு, ஒரே பக்கம் படுக்கை என்று இருந்தவன் நான். என் உடம்பில் இருந்துகொண்டு, எந்த உத்தரவும் இல்லாமல், பயணப்படியும் கேட்காமல், ஒன்று இவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஓடிப்போன பையன் வெளியூரில் பெரிய ஆளாகிவிட்டான் என்று கேள்விப்படும் தகப்பனுக்கு எப்படி இருக்கும்? முதலில் கோபம் வரும். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றும். அதற்குள் டாக்டர் வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். பெரிய டாக்டர் ஒருவர் கையிலிருந்த டீயோடு வந்து, டீயைக் குடிக்க மறந்து நின்றார். “புத்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல இப்பதான் பாக்கறேன்” என்றார். எல்லோரும் கைப்பேசியில் படத்தைப் படம் எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாகப் போன நான் ஒரு பாடமாக வெளியே வந்தேன் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னும் சொல்கிறேன். வரும் சனிக்கிழமை எலும்பு டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடக்கிறதாம். அதில் என் படத்தைத் திரையில் காட்டுவதற்கு அனுமதி கேட்டார்கள். பெயர் வராது, ‘அறுபதைக் கடந்த ஓர் ஆண்’ என்று மட்டும் போடுவோம் என்றார்கள். அதை நான் ஏற்கவில்லை. அறுபதைக் கடந்த ஆண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ‘இடமாறுதல் பிரிவுக் கண்காணிப்பாளர், ஓய்வு’ என்று சேர்க்கச் சொன்னேன், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும் என்றாலும் நம்பிக்கை இருக்கிறது. கூடவே இன்னொரு யோசனையும் சொன்னேன். திரையில் வெறும் படத்தைக் காட்டுவதைவிட, கம்பியோடு நானே மேடையில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஆகவே கம்பியை எடுப்பது கூட்டம் முடிந்த பிறகுதான் என்று அறிவித்துவிட்டேன்.

“சார், அதுக்குள்ள அது நகர்ந்துடுச்சுன்னா, மேடையில படம்தான் இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க” என்றார் டாக்டர்.

அதற்காகத்தான் வலப்பக்கம் படுக்கும் முடிவு. கம்பி வலது தோளிலிருந்து இடப்பக்கமாக உள்ளே போகிறது. நான் வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் அது சரிவில் திரும்பி வந்து பழைய இடத்தில் பணியில் சேரலாம். குறைந்தபட்சம் சனிக்கிழமை வரை இருந்த இடத்திலேயே நிற்கலாம். இதை டாக்டரிடம் தொலைபேசியில் தெரிவித்தபோது, அந்தத் தோள்மேலேயே படுத்தால் இன்னும் உள்ளேதான் தள்ளும் என்று சொல்லிவிட்டு, உங்கள் தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. போனை வைத்ததும் அவள், “நம்ம கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கறேன். என்னைக் கூட்டிட்டுப் போகல. அந்தக் கம்பி மட்டும் கிளம்பிடுச்சு” என்றாள்.

“அதுக்கு யாரும் டிக்கெட் எடுக்கல.”

“உங்களுக்குப் பெருமை. எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா பெருமையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

கேள்வி பொதுவாக இருந்ததால் பரிசீலனையில் வைத்தேன். ஆனால் அவளுக்கும் உள்ளூர இந்த விஷயத்தில் ஆர்வம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, என் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். வெகு நேரம் கையை எடுப்பதில்லை. கம்பி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ள விரும்புகிறாள் போலும். நான் மூச்சை நன்றாக இழுத்து விட்ட பிறகுதான் எடுக்கிறாள்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம். இத்தனை ஆண்டுகளாக இந்த வீட்டில் எலும்பு என்ற பேச்சு வந்தாலே உங்கள் கால்தான். “என் அண்ணனுக்குத் தகடு வச்சிருக்கு, எட்டுத் திருகாணி, அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி, அவ்ளோ பெரிய டாக்டர்” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் உங்கள் தங்கை சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒன்றும் சொன்னதில்லை. உங்கள் தகடு நல்ல தகடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. எட்டு பேர் சேர்ந்தும் ஓரங்குலம் நகரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, எல்லா அலுவலகத்திலும் அப்படிப்பட்டவர்கள் தேவை. என்றாலும் உலகம் சுற்றியவர் நீங்கள், உள்ளூரில் கிடந்தவன் நான் என்று இனிமேல் யாரும் பேச மாட்டார்கள் என்று எதிர்பார்க்கிறேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும். முன்வரிசையில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். படம் திரையில் வரும்போது தாங்கள் சிரித்தாலும் சிரிக்கலாம். யார் சிரிக்கிறார்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். நகலுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். தங்கள் குடும்பத்தில் எலும்புகள் யாவும் முறிவின்றி நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
இடமாறுதல் பிரிவுக் கண்காணிப்பாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடையாது என்பதால், பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். “மாப்பிள்ளை, உங்க கம்பி போனதைக் கேள்விப்பட்டேன். ஒரு கம்பிதானே? எனக்கு இங்க திருகாணி கழண்டு போயிருக்கு” என்றீர்கள். எத்தனை என்று கேட்டேன். தாங்கள் போனைச் சற்றே விலக்கி, “எத்தனைன்னு சொல்லச் சொன்னே?” என்று யாரையோ கேட்டீர்கள், தங்கள் டாக்டர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதே நேரத்தில், எங்கள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த உங்கள் தங்கை “மூணு” என்று சொன்னதும் காதில் விழுந்தது. டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. “மூணு மாப்பிள்ளை. ஒண்ணு முட்டியைத் தாண்டி மேல ஏறிடுச்சு” என்றீர்கள். நான் சற்று உட்கார்ந்துகொண்டேன். பிறகு தாங்கள் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. “எல்லாத்தையும் எடுத்தாச்சு. அடுத்த மாசம் இங்க நடக்கிற கூட்டத்துல காட்டறாங்க. உள்ளயே வச்சிருக்கறவங்க படத்தைச் சேத்துக்க மாட்டாங்களாம். முடியாத கோப்பை யாராவது சபையில வைப்பாங்களா?”

அது சரியான விதி. அதை எனக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்றே என்பதுதான் வருத்தம். ஆகவே சனிக்கிழமை அழைப்பு ரத்து செய்யப்படுகிறது. வலப்பக்கம் படுக்கும் தீர்மானமும் ரத்து. கம்பியைப் பணியிலிருந்து உடனடியாக விடுவிக்கலாம் என்று டாக்டருக்குத் தெரிவித்துவிட்டேன். நாளைக் காலை எடுக்கிறார்கள். எடுத்ததை ஒரு சின்னப் புட்டியில் போட்டு என் கையிலேயே தருவார்களாம். மூன்று திருகாணிகளைத் தாங்களும் கொண்டுவந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதலாமென நினைத்தேன்; உங்கள் தங்கை, நாமே அங்கே போய்ப் பார்க்கலாம் என்கிறாள்.

டாக்டரிடம் பேசி நான் போனை வைப்பதற்குள் அவள் நீலப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, அடுக்கியும் முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தங்கினால் போதும் என்றார் டாக்டர். பெட்டியில் இருவருக்கும் ஒரு வாரத்துக்கான துணிகள் இருக்கின்றன. ரப்பர் செருப்பின் உறை பிரிக்கப்பட்டிருக்கிறது.